மறுபடியும் காளியண்ணன்

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நூற்றிருபது பேர் கையெழுத்தும் கைநாட்டுமாகப் போட்ட மனு அது. 'காளியண்ணனையே மறுபடி கவுன்சிலராக நியமிக்க வேண்டும்.'

பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பவளம் நீட்டியதைப் படித்ததும் காளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பவளம், நாலு வருஷத்துல நம்ம லயத்து வீடுகளுக்கு ஒரு தெருவிளக்குகூட நான் கொண்டாரலையே!"

"விளக்கு கெடக்குதுங்க. நீங்க டவுனுக்குப் போய்க் கூட்டத்துல உக்காந்தாலே போதும்."

"கட்சியில இந்தத் தடவை வேற ஆளைப் போடறாங்களாம்."

"போட்டுருவாங்களா? லோரி புடிச்சுக் கட்சி ஆபீசுக்கே வந்துருவோம் லா!" என்று பெண்கள் கூச்சலிட்டார்கள்.

காளியண்ணன் கும்பிட்டார். "இனி எல்லாக் கமிட்டியிலயும் சேர்ந்து ஒழைக்கிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

வெளியே வந்ததும் பவளத்தின் புது மருமகள் திலகம் கேட்டாள். அவள் நாளைக்குத்தான் கொழுந்தெடுக்கச் சேருகிறாள்.

"ஒண்ணுமே செய்யாத ஆளுக்கு எதுக்கு அத்தை இவ்வளவு பாடு?"

"அவருதான்டி நம்ம மலைக்குக் கங்காணி. அவரு கூட்டத்துக்குப் போற அன்னிக்குத்தான் கூடையைக் கொட்டிப் பார்த்து, முத்தல் இலைன்னு கத்த ஆளில்ல."

கட்சி ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவைப் பவளம் மடித்து இடுப்பில் செருகினாள்.

"அடுத்து எம்.பி. ஆக்கிடணும். கோலாலம்பூர்லயே கெடப்பாரு!"