சாம்பவி வாசித்த சட்டம்

"அரசாங்கத்தைப் பற்றி அவதூறாக எழுதுபவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. ஆபத்தானவர் என்று ஜனாதிபதி கருதும் வெளிநாட்டவரை, வழக்கு விசாரணை இல்லாமலே நாட்டை விட்டு அனுப்பலாம்."

கடையின் பின்னறையில் மகள் சாம்பவி பிரெஞ்சில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். முன்னால் கைத்தொலைபேசி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த தவரத்தினத்தின் கை அப்படியே நின்றது.

குரல் தொடர்ந்தது. இனிமேல் குடியுரிமை கேட்பவர் பதினான்கு ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டுமாம். கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டவரின் பெயர்களைக் கப்பல் தலைவனே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

வெளிநாட்டவரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வருகிறதென்று வானொலியில் கொஞ்ச நாளாக இதே பேச்சுத்தான். கடைசியில் கொண்டுவந்தே விட்டார்கள் என்று நினைத்தார். எழும்பிப் போய்க் கேட்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். சாம்பவி பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பிறகு வாறன் அப்பா" என்று வெளியே ஓடிவிட்டாள்.

தவரத்தினத்தின் பெயரில் ஓர் இணையத்தளம் இருந்தது. கடவுச்சொல்லும் அவரிடம்தான். எழுதுவதெல்லாம் றூபன், அகதி வழக்குப் போட்டுவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பொடியன். ஊர் அரசாங்கத்தையும் விடமாட்டான், பிரெஞ்சு அரசாங்கத்தையும் விடமாட்டான்.

அன்று காலையும் றூபன் கடைக்கு வந்திருந்தான். சட்டைப்பையில் தொலைபேசி அதிர, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"அண்ணை, நான் எழுதினதை இப்ப எடுத்தால் கேஸ் கெட்டுப்போகுமோ?"

"உமக்கென்ன விசரே? ரோசாலி என்ன சொன்னவ? உம்மடை எழுத்து எல்லாற்றை கண்ணுக்கும் முன்னாலை நிக்கிறபடியாத்தானே, திரும்பிப் போனால் உமக்கு ஆபத்தெண்டு வாதாடலாம்."

ரோசாலி அவனுடைய வக்கீல்.

"ஓம் அண்ணை. சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு றூபன் போய்விட்டான்.

அதெல்லாம் தவரத்தினத்துக்கு இப்போது நினைவுக்கு வந்தது. கூடவே, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய தன் வதிவிட அட்டையும் நினைவுக்கு வந்தது. சாம்பவி தாயில்லாத பிள்ளை. தன்னைத் தூக்கி விமானத்தில் ஏற்றிவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைக் கதவைச் சாத்தினார். கணினியின் முன் அமர்ந்து இணையத்தளத்தைத் திறந்தார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. றூபனின் முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

பின்னேரம் சாம்பவி திரும்பி வந்ததும் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, இனி நீயும் போனிலை கண்டதையும் எழுதிப் போடாதை. அந்தச் சட்டம் வந்திட்டுதெல்லே."

"எந்தச் சட்டம்?"

"நீ உள்ளுக்கிருந்து வாசிச்சியே."

சாம்பவி அவரை விளங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்பா, அது அமெரிக்கா. அந்த நாடு புதுசா உருவான காலத்திலை போட்ட சட்டம். இருநூறு வருசத்துக்கும் மேலை. நாளைக்கு இஸ்துவார், அதுதான் சரித்திர வகுப்பிலை நான் அதைப் பற்றிக் கதைக்கவேணும். இப்ப ஆர் அப்பா கப்பலிலை வருகினம்?"

தவரத்தினம் சிரிக்கவில்லை. மேற்சட்டையையும் எடுக்காமல் தெருவில் இறங்கினார்.

லா சப்பல் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில், தான் வேலை செய்யும் உணவகத்தின் பின்வாசலில் றூபன் தனியே குந்தியிருந்தான். தொலைபேசியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தான். அழுது முகம் வீங்கிக் கிடந்தது. விஷயம் தெரிந்துவிட்டது என்று தவரத்தினம் நினைத்தார்.

"தம்பி, நான்தான் அழிச்சனான். ஒண்டும் மிஞ்சேல்லை. பயந்திட்டன். பிள்ளை ஏதோ பழைய சட்டத்தைப் படிக்க, இஞ்சை வந்த சட்டமெண்டு நினைச்சிட்டன்."

றூபன் நிமிர்ந்தான். "நீங்களே? எப்ப அண்ணை?"

"மத்தியானம். உம்மடை கேஸை நானே நாசமாக்கிப் போட்டன். ரோசாலியிட்டை நானே வந்து சொல்லுறன். நீதிபதிக்கு முன்னாலையும் வந்து சொல்லுறன்."

மேம்பாலத்தில் ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய் முடிந்ததும் றூபன் எழுந்தான். அவருடைய கையைப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் தவரத்தினம் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

அவன் அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு விம்மினான்.

"அழாதையும் தம்பி. கேஸுக்கு வேறை வழி பாப்பம்."

"கேஸுக்கில்லை அண்ணை. நான் எழுதினதை எடுக்குமட்டும் விடமாட்டம் எண்டு, ஊரிலை அரசாங்க ஆக்கள் அக்காவைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். எடுக்கவும் ஏலாமல், விடவும் ஏலாமல் நான் செத்துக்கொண்டிருந்தனான்."

மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா இப்பதான் வீட்டை வந்தவ."