தலைகீழ் வகுத்தல்

"இருபது விநாடி. படகு எத்தனை தடவை ஏறி இறங்குச்சு?"

"பத்து, அண்ணாச்சி."

"அப்ப பீரியட் என்ன?"

உத்தமன் விழித்தான். லாஞ்ச் கிளப்பிவிட்டுப் போன அலையில், ஹவுரா படகுத்துறையில் கட்டிக் கிடந்த படகு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இருபதைப் பத்தால வகு. ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு விநாடி. அதான் பீரியட்" என்றார் சிவலிங்கம்.

"நேத்து பத்தை இருபதால வகுத்தீங்களே?"

"அது பிரீக்வென்சி, தம்பி. ஒரு விநாடிக்கு எத்தனை ஆட்டம்னு கணக்கு. அரை."

"அரை ஆட்டமா?"

"ஆமா. ஏறின படகு இன்னும் இறங்கலை!"

அவர் சிரித்தார். உத்தமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவரும் ஒரே ஆபீஸ், வயர்லெஸ் பிரிவு. அங்கே சூப்பர்வைசர் பதவி ஒன்று காலி. பாலிகஞ்சில் குவார்ட்டர்ஸோடு வரும் பதவி. இலாகாத் தேர்வுக்கு மனுப் போட்டது இவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் மற்றவருக்குத் தினமும் பாடம் நடத்துகிறார்!

"நாற்காலி ஒண்ணு, ஆள் ரெண்டு" என்றாள் உத்தமனின் மனைவி கிருஷ்ணம்மாள், அன்று ராத்திரி வீட்டில். "அவரு எதுக்கு உங்களுக்குச் சொல்லித் தாராரு?"

"நல்ல மனுசன்..."

"நல்ல மனுசன்தான் நேத்து ஒரு மாதிரி, இன்னிக்கு ஒரு மாதிரி வகுக்காராக்கும்! உங்களைக் குழப்பி விடுதாருங்க."

மேலே ஓடு ஒழுகியது. இருப்பதே ஒரு அறை. மழை வந்தால் மூன்று பிள்ளைகளையும் கட்டிலில் ஏற்றிவிட வேண்டும். உத்தமன் புத்தகத்தைப் பிரித்தான். அதில் பீரியடும் பிரீக்வென்சியும் ஒரே பக்கத்தில் இருந்தன. எது எதன் கீழ் வரும் என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. அவள் சொன்னது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

தேர்வில் அதே கணக்கு. தண்ணீரில் மிதக்கும் கட்டை எட்டு விநாடியில் நான்கு முறை ஏறி இறங்குகிறது. பிரீக்வென்சி என்ன?

அண்ணாச்சி சொன்னபடி என்றால் அரை. அரை ஆட்டமாவது! உத்தமன் 'இரண்டு' என்று எழுதினான். ஹாலில் பல ஆபீஸ்காரர்கள், பல பதவிகளுக்கு. சிவலிங்கம் எந்த மூலையில் இருக்கிறார் என்று நிமிர்ந்தும் பார்க்காமல், மிச்சக் கணக்குகளையும் அவர் சொன்னதற்குத் தலைகீழாகப் போட்டுக் கொடுத்தான்.

வெளியே வந்தால், வாசலில் இரண்டு மண் குவளையில் டீயோடு சிவலிங்கம்.

"அதுக்குள்ள எழுதிட்டீங்களா, அண்ணாச்சி?"

"நான் எங்க எழுதினேன்? போன மாசமே மனுவை வாபஸ் வாங்கிட்டேன். மெஸ்ஸுல கிடக்கற ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு குவார்ட்டர்ஸ்? உன் பிள்ளைங்க நனையாமப் படுக்கட்டும்."

"சொல்லவே இல்லையே..."

"சொன்னா, போட்டிக்கு ஆள் இல்லைன்னு நீ புத்தகத்தை மூடி வச்சிருப்பே. பாஸ் பண்ணலைன்னா வெளியூர்லேருந்து ஆளைக் கொண்டாந்து போட்டுருவான்." ஒரு குவளையை நீட்டினார். "கணக்கெல்லாம் நான் சொன்னபடிதானே போட்டே?"

குவளை சுட்டது. உத்தமன் அதைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"அப்படியே போட்டேன், அண்ணாச்சி."