திட்ட ஆளில்லாத கல்யாணம்

தலையை மூடியிருந்த துணிக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள் மட்டும்தான்.

சடங்கு முடியும்வரை மணப்பெண் முகத்தைக் காட்டக் கூடாது. என் கல்யாணத்தை நான் பாதங்களாகத்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் பிறகு பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது.

பனி அப்பிய பூட்ஸ்கள் வாசலில் வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார். தீவின் மறுகரையிலிருந்து சறுக்குவண்டிகளில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஹிந்த்ரெக் முறைப்படி வாளை உருவி வாசல் நிலையில் சிலுவை கீறினார். ஜாரின் படையில் இருந்த யாரோ விட்டுப்போன வாள். மரத்தூளோடு துருவும் உதிர்ந்தது.

இனி வசைப்பாட்டு.

எங்கள் மூஹு தீவில் பெண் வீட்டார் திட்டாமல் மாப்பிள்ளைக்குப் பீர் கிடையாது. அவர்கள் திருப்பித் திட்டாமல் பெண் கிடையாது.

எங்களுக்காகப் பாடுபவள் என் அத்தை இங்கெல், அப்பாவின் தங்கை. அவர்களுக்கு ரிஸ்தே, மாப்பிள்ளை ப்ரீதுவின் சித்தி. இருவரும் பன்னிரண்டு வருடப் பகையாளிகள். சந்தையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் எதிரெதிரே நின்றால், அந்த வசைகளைச் சொல்லிச் சொல்லியே தீவு அடுத்த கல்யாணம்வரை சிரிக்கும்.

அத்தை ஆரம்பித்தாள்.

“மாப்பிள்ளை இன்னும் வரல, மலைமேல வண்டி நிக்குது!
மூக்கு மட்டும் முன்னால வந்து முக்கால் நாழி ஆகுது!”

எங்கள் பெண்கள் அதையே திருப்பிப் பாடினார்கள். துணிக்குள் நானும் சிரித்தேன். மூக்கு விஷயம் உண்மைதான்.

ரிஸ்தே பதில் பாட வேண்டும். பாடவில்லை.

அத்தை இன்னொன்றை எடுத்து விட்டாள்.

“வாயைத் தைச்சு வச்சானோ வலை பின்னும் உன் புருஷன்?”

ரிஸ்தேயின் கோடு போட்ட காலுறைகள் அசையவே இல்லை. காற்றுப்பை வைத்த ஊதுகுழல்காரன் ஊதலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருமுறை ஊதினான். கன்றுக்குட்டி தும்மியதுபோல இருந்தது.

அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

“என்னய்யா இது! திட்டக்கூட ஆள் இல்லாத வீட்டுக்கா என் பொண்ணைக் கொடுக்கறேன்?”

“திட்டத்தானே வேணும் சம்பந்தி?” என்றார் ஹிந்த்ரெக். “வாங்க, கையால திட்டறேன்.”

பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. பீர் ஓடி வந்து என் காலணியை நனைத்தது. நாய் அடுப்புக்குப் பின்னால் ஓடிவிட்டது. எங்கள் பூட்ஸ்கள் முன்னேறின, அவர்களுடையவையும் முன்னேறின. ப்ரீதுவின் பூட்ஸ்கள் மட்டும் எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன.

போன குளிர்காலத்தில் ஒரு கல்யாணத்தில் ஒருவருக்குக் காது போனது. இங்கே வாளும் இருக்கிறது. நான் ப்ரீதுவை எண்ணி அழ ஆரம்பித்தேன். அந்த மூக்கோடு எனக்கு அவன் வேண்டும்.

அப்போதுதான் அத்தை பாய்ந்தாள்.

ரிஸ்தேயின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். இவள் தலையை அவள் பிடிக்க, அவள் தலையை இவள் பிடிக்க, இருவரும் உருண்டு வந்து என் பாவாடைமேல் விழுந்தார்கள். ஆண்கள் அடிக்க ஓங்கிய கையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

ரிஸ்தே எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். பாடினாள்.

“ஊர்க் கல்யாணம் எல்லாத்துலயும் உரக்கப் பாடுறா இங்கெல்!
உன் கல்யாணம் எப்போன்னு ஒருத்தன் கேக்கலியே!”

எங்கள் பக்கத்துப் பூட்ஸ்கள் ஓரடி பின்வாங்கின. அத்தைக்கு வயது நாற்பத்திரண்டு. பெண் கேட்டு அவள் வாசலில் யாரும் வந்து நின்றதில்லை. அதை ஒருவரும் அவளிடம் பேச மாட்டார்கள்.

பிறகு சிரிப்பு வெடித்தது. அவர்கள் பக்கம் சிரித்தது, எங்கள் பக்கமும் சிரித்தது. ஹிந்த்ரெக் கண்ணைத் துடைப்பதற்காக வாளைக் கீழே போட்டார். அது என் காலருகே வந்து விழுந்தது. நான் அதைப் பாவாடைக்குள் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தையும் விடவில்லை. இடுப்பில் கைவைத்து ரிஸ்தேயின் புருஷனுடைய குறட்டையைப் பாட்டில் இழுத்தாள். பீர் வந்தது, ரத்தப் பொரியல் வந்தது, எனக்கும் கல்யாணம் ஆனது.

“அந்த ரிஸ்தே நாக்குல விஷம்தான் இருக்கு. இனி அவளை இந்த வாசல் மிதிக்க விடக்கூடாது” என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பினார்.

என் பாவாடைமேல் இருவரும் புரண்டபோது பேசிக்கொண்டதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

“ஊமை மாதிரி நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?” என்றாள் அத்தை, ரிஸ்தேயின் காதுக்குள்.

“நீ ஒண்ணும் சொல்லித் தரலியே. நான் எதைப் பாடுவேன்?”

“பன்னெண்டு வருஷமா ரெண்டு பக்கத்துக்கும் நான்தான் பாட்டுக் கட்டறேன். நீ என்னடான்னா மாவு மில்லுல நின்னு, ‘இங்கெலைவிட நான்தான் நல்லாக் கட்டறேன்’னு பீத்திக்கறே. அதான் நீயே கட்டுன்னு விட்டேன்.”

“தப்புதான்டி. கொன்னுக்குவானுங்கடி. ஏதாவது குடுடி.”

அத்தை அந்த இரண்டு வரியையும் சொன்னாள்.

கோடு போட்ட காலுறைகள் உதைப்பதை நிறுத்தின.

“ஐயோ, இது வேண்டாம்டி இங்கெல். வேற குடு.”

“இதைவிட நல்லது என்கிட்ட இல்ல” என்றாள் அத்தை. “பாடு.”