எடுக்காத அடகு

தராசில் வளையலை வைக்கவும் அந்த ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது.

அடகுக் கடைக்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் பதினொரு மணிக்கு அடிப்பதுதான். அடித்துத் தானாக ஓயும். எடுக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு தையல்காரன் கொண்டுவந்து வைத்த பட்டன் ஃபோன் அது. திரை உடைந்து கறுத்திருந்தது. அதை நம்பி யாரும் ஒரு டீகூடக் கொடுக்க மாட்டார்கள்.

கொடுப்பதைக் கொடுங்கள் அக்கா என்றான். சார்ஜ் மட்டும் இறங்கவே கூடாது. யார் அழைத்தாலும் எடுக்கக் கூடாது.

மாதம் தவறாமல் வட்டியோடு வந்துவிடுவான். சிம்முக்கும் அவனே பணம் போட்டான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவள் கேலி செய்தால் சிரிப்பான். மீட்டுக்கொண்டு போயேன் என்றால் மட்டும் முகம் செத்துவிடும்.

கடன்காரனுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அடகு பிடிப்பவளுக்கு வேறென்ன தோன்றும்?

இன்று ஓய்ந்த ஃபோன் உடனே மறுபடியும் அடித்தது. அப்படி ஒருநாளும் அடித்ததில்லை. பிறகு மூன்றாம் முறை.

வளையலோடு வந்த பெண் சலித்துக்கொண்டாள். கடைக்காரிக்கு எடை தவறியது. அந்த எரிச்சலில் ஃபோனை எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டேவிட்டாள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், அடுத்த அறையில் போல, ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பொறுத்து ஒரு வயதான பெண்குரல் கிசுகிசுத்தது.

“இன்னிக்கு என் சின்னவன் பொறந்த நாளும்மா. அதான் கூட ரெண்டு தடவ அடிச்சேன். அவன் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். தெரியும்னு பெரியவனுக்குத்தான் தெரியாது. தாங்க மாட்டான். நாளைக்கு எடுத்துடாதம்மா.”

கடைக்காரி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அந்த அம்மா இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த அறைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, உன் தம்பி இன்றைக்கும் எடுக்கவில்லையடா என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

மெஷின் நின்றது.

மாதாமாதம் கேட்டுப் பழகிய அந்தக் குரல், சிரித்தபடியே சொன்னது.

“வேலையா இருப்பான்மா. சாயங்காலம் அவனே பேசுவான்.”