நாயை விரட்டிய சேவல்

கீழே வரும் பேச்சில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சேர்த்ததில்லை. தீவனக் கடையில், எல்லார் முன்னாலும், அப்படியே பேசப்பட்டது. தலையில் அடித்துச் சத்தியம்.

அந்தக் கடையின் மூலிகைத் தீவனப் பொடியை மாதக்கணக்கில் ஒருவரும் சீந்தவில்லை. இந்த வாரமும் விற்று வாடகைப் பாக்கியைக் கட்டாவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் கறாராக நின்றார். கடைக்காரர் மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, முகம் சிவக்க ஒருவர் உள்ளே பாய்ந்து, அந்தப் பொடி பாதி மிஞ்சியிருந்த பையை மேசையில் அறைந்தார்.

"யோவ்! என்னத்தய்யா இதுல கலந்த?"

"பூண்டு, இஞ்சி, மிளகு. வேற ஒண்ணுமில்லீங்க. கோழிக்குச் சீக்கு வராது, நல்லா வளரும்."

"வளருமா? என் சேவல் நாயை விரட்டுதுய்யா! இப்ப நாய் கூண்டுக்குள்ள, சேவல் வாசல்ல! நேத்து என் மாமியாரையே கொத்த வந்துச்சு!"

"கொத்திச்சா?" என்றார் தவிடு வாங்க வந்த பால்காரர், ஆவலாக.

"சிரிக்காதீங்க! என் வீட்டுக்குள்ள போக நான் சேவல்கிட்ட அனுமதி கேக்கறேன்! இந்தக் கருமத்தத் திருப்பி எடுத்துக்கய்யா!"

கடைக்காரருக்கும் சுர்ரென்று ஏறியது. "அளவா போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அள்ளிக் கொட்டினா? இனிமே இந்தப் பொடிய யாருக்கும் விக்கறதா இல்ல!"

"அதெப்படி?" என்று எகிறினார் பால்காரர். "எங்க வீட்லயும் சேவல் இருக்கு, மாமியாரும் வந்திருக்காங்க. ரெண்டு பை எடு!"

"எனக்கு நாலு! எங்க கோழியெல்லாம் நோஞ்சான்," என்று அவரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார் ஓர் அம்மாள்.

அடிதடி நடக்காததுதான் குறை. பொழுது சாய்வதற்குள் பொடி முழுக்கத் தீர்ந்தது. மேசைமேல் கிடந்த பாதிப் பையும் போயிற்று.

கோபக்காரர் கடைக்காரருடைய மனைவியின் தம்பி. அவரிடம் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது.