மகாராணியின் துலாபாரம்

“எங்க அண்ணன் கெட்டிக்காரருதான் மதினி. இன்னும் நாலு மாசம் துலாபாரத்தத் தள்ளிப் போட்டாருன்னா மூட்டையே வேணாம். ஒரு பொட்டணம் ஏலக்கா போதும்” என்று சொல்லிவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தாள் நாத்தனார் ரோஜா.

மகாராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால் மகாராணி ஜீப்பில் ஏறினால், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார முடியாது. முட்டி போச்சு, சுகர் ஏறிப் போச்சு. கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய் வயிற்றைச் சுருக்கி ஆப்பரேஷன் பண்ணினார்கள். உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் புருஷன் உக்கிரபாண்டி, மாரியாத்தா கோயிலில் ஏலக்காய்த் துலாபாரம் போடுவதாக வேண்டிக்கொண்டார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிற மனுஷன் வாழைப்பழமா போடுவார்?

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகாராணி மாசாமாசம் கரைந்து, இப்போது பழைய ஆளில் பாதிக்கும் கீழே வந்துவிட்டாள். துலாபாரம்தான் வந்தபாடில்லை.

கேட்டால், “பொறு, போடுவோம்” என்பார். அதுக்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. ஏலக்காய் விற்கிற விலைக்கு ஊர் சும்மா இருக்குமா? பொண்டாட்டி இளைக்கட்டும் என்று காத்திருக்கிறார் மனுஷன் என்று பஜார் முழுக்கப் பேச்சு.

அது போதாதென்று, தினமும் விடியுமுன்னே அவளை எழுப்பி முந்தல் ரோட்டில் நடக்கக் கூட்டிப்போவார். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு கையிலும் தண்ணி பாட்டிலைக் கொடுத்து, “ம்... தூக்கு, எறக்கு” என்று எதிரே உட்கார்ந்துகொள்வார்.

நடக்கிறதுகூட அவளுக்குக் கஷ்டமில்லை. தோல்தான் கஷ்டம். சதை போயும் தோல் போகாமல் அப்படியே தங்கிவிட்டது. கையைத் தூக்கினால் அடியில் தொங்கி ஆடும். வயிற்று மடிப்பில் வேர்த்துப் புண்ணாகி எரியும். எஸ்டேட் ஜீப்பில் போகிற பொம்பளைகள், “என்னத்தா நோவு?” என்று எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்.

டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். “எக்சர்சைஸ் பண்ணுனா தெம்பு வரும், தசை இறுகும். தோல் கொஞ்சம்தான் சுருங்கும். முழுசா போகணும்னா அதுக்குத் தனியா ஆப்பரேஷன் பண்ணணும்.”

கொளுத்துகிற வெயிலிலும் நீளக்கை ரவிக்கைதான் போடுகிறாள். கோயிலில் அத்தனை சனம் பார்க்கத் தராசுத் தட்டில் ஏறி, சங்கிலியைப் பிடித்து உட்கார வேண்டும் என்று நினைத்தாலே ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

மறுநாள் காலை உக்கிரபாண்டி வழக்கம்போல எழுப்பினார்.

“எந்திரி புள்ள, வெரசா நடந்துட்டு வந்துருவோம்.”

“நான் வரல.”

“ஏன், மேலுக்கு முடியலையா?”

“இன்னும் எம்புட்டுத்தான் மாமா நடக்கச் சொல்றீங்க? நான் ரெண்டு கிலோ குறைஞ்சா உங்களுக்கு ரெண்டு கிலோ ஏலக்கா மிச்சம். அதான?”

உக்கிரபாண்டி அவள் செருப்பை எடுத்து முன்னால் போட்டார். கோபப்படவில்லை.

“ரெண்டு மூணு மாசமா ஒரே எடையில நிக்கிற. இனிமே குறையாதுன்னு டாக்டரம்மாவும் சொல்லிருச்சு. வர்ற வெள்ளிக்கெழம துலாபாரம் போட்ருவோம். இப்ப செருப்ப மாட்டு.”

அப்படியென்றால் ரோஜா சொன்னது நிஜம்தான். இதுக்கு மேல் குறையாது என்று தெரிந்த பிறகுதான் மனுஷனுக்குச் சாமி ஞாபகம் வந்திருக்கிறது! கட்டின பொண்டாட்டியைவிட ஏலக்காய் பெரிசாகப் போச்சே என்று மகாராணிக்கு அழுகை முட்டியது. ரோட்டில் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. தோட்டத்து ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள்.

“வா ஆத்தா, தட்டுல ஏறி உக்காரு” என்றார் பூசாரி காசிமாயன்.

மகாராணி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“அவ உக்கார வேணாம்” என்றார் உக்கிரபாண்டி.

“நல்லாருக்கே! ஆளு உக்காராம எப்படிண்ணே நிறுக்கிறது?” என்று ரோஜா முந்திக்கொண்டாள். நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

உக்கிரபாண்டி ஜீப்பில் கிடந்த எடைக்கல்லை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அவள் உட்கார வேண்டிய தட்டில் அடுக்கினார். எதிர்த் தட்டில் ஒரு மூட்டை ஏலக்காய் ஏறியது. தட்டு அசையவில்லை. ரெண்டாவது மூட்டை ஏறியது. அப்படியும் சமமாகவில்லை.

பூசாரி பதறிப்போனார். “அப்பு, கணக்கு தப்பிப் போச்சு. ஆத்தா இம்புட்டு எடை வராது. கல்ல எறக்குங்க.”

“இது அவ எடையில்ல சாமி. அவள விட்டு எறங்குன எடை.”

சிரித்தவர்கள் தராசுக்குக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இவ மேலருந்து எம்புட்டு எறங்குதோ, அம்புட்டும் உனக்கு ஏலக்காயாப் போடுறேன், மிச்சத்த எனக்குக் குடுத்துரு தாயேன்னு வேண்டுனேன். எறங்கி முடியாம எப்படி நிறுக்கிறது?” என்றபடி மூன்றாவது மூட்டையை அவிழ்த்தார்.

மகாராணிக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. தொங்குகிற கையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அவர் தோளைப் பிடித்தாள்.

“ஏன் மாமா, நான் குறையக் குறைய உங்களுக்கு ஏலக்காச் செலவு கூடிக்கிட்டுல்ல போயிருக்கும்? தெரிஞ்சும் எதுக்கு என்னைய நட நடன்னு வெரட்டுனீங்க?”

உக்கிரபாண்டி ஏலக்காயை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்:

“கூடட்டுமே. ஏலக்கா அடுத்த வருசமும் காய்க்கும்ல.”