ஆறாவது இடம்

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒரு மதர்போர்டு ஒன்றரை வருஷமாகத் தூசி தின்றுகொண்டு கிடந்தது. அதில் கார்டு பூட்ட ஆறு இடங்கள். ஆறாவது எப்போதோ செத்துப்போயிருந்தது. அது மதர்போர்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கிரிப்டோ காசு தோண்டும் மெஷின் கட்டுவதற்காகக் கிருபாகரன் வந்தான்.

"எனக்கு ஆறு கிராபிக்ஸ் கார்டு பூட்டணும். உன் ஆறு இடமும் வேலை செய்யுமா?"

இவனும் போய்விட்டால் இன்னொரு மழைக்காலமும் இங்கேதான் என்று நினைத்தது மதர்போர்டு.

"செய்யும்" என்றது.

அவன் அதை வாங்கிப்போய் ஆறு கார்டுகளையும் பூட்டினான். ஐந்து கார்டுகள் வேலையில் இறங்கின. ஆறாவது கார்டுக்கு மின்சாரம் வந்தது, வேலை வரவில்லை. பாவம், அது சும்மாவே விசிறியைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, எனக்கு எப்ப வேலை தருவீங்க?" என்று தினமும் மதர்போர்டைக் கேட்டது.

"வரும்டா, பொறு."

பத்தாம் நாள் கிருபாகரன் குனிந்து பார்த்தான். "கோளாறு உன்கிட்டயா, கார்டுகிட்டயா?"

மதர்போர்டு மற்ற ஐந்து கார்டுகளுக்கும் இன்னும் வேகமாக வேலை கொடுத்தது.

"அக்கா மேல தப்பு இருக்காதுங்க. அஞ்சு பேருக்கு நல்லாத்தானே வேலை குடுக்குறாங்க. நான்தான் சரியில்ல போல" என்றது கார்டு.

அவன் அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தான். விழுந்த பிறகும் அதன் விசிறி கொஞ்சம் சுற்றியது. நிற்கும்வரை மதர்போர்டு பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் அதே இடத்தில் புதுக் கார்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அக்கா, எனக்கு என்ன வேலை?"

"வரும்டா" என்றது மதர்போர்டு. "பொறு."